எச்சரிக்கைக்கு முன்பே தொடங்கும் வேலை: புவிப்பூங்காக்களும் பேரிடர்த் தகவலும்

எரிமலை வாய்களையும் பாறை அடுக்குகளையும் காட்டி மக்களை வரவேற்கும் ஒரு புவிப்பூங்கா, அதே மண்ணில் நேரக்கூடிய பேரிடரைப் பற்றி மக்களிடம் எப்படிப் பேச வேண்டும், பேசினால் வருகிறவர்கள் அஞ்சி விலகிவிட மாட்டார்களா, எச்சரிக்கை விடுக்க அரசுத் துறைகள் இருக்கும்போது புவிப்பூங்காவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விதான் அடிப்படையானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் எந்தப் புவிப்பூங்காவுக்கும் இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு மலையைப் பற்றி இரண்டு வாய்கள் இரண்டு விதமாகப் பேசினால், கேட்பவர் தமக்கு வசதியானதையே நம்புவார். ஆனால் அதிகாரபூர்வமான எச்சரிக்கை ஒன்று வரும்போது அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் நம்பவும் உடனே எழுந்து நடக்கவும் கூடிய மக்கள் அந்த ஊரில் இருக்கிறார்களா என்பது முற்றிலும் வேறு விஷயம். அப்படிப்பட்ட மக்களை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும், அந்த வேலையை எச்சரிக்கை விடுக்கும் துறையால் செய்ய இயலாது. புவிப்பூங்காவின் இடம் அங்கேதான் இருக்கிறது.

ஜியோபார்க் என்று பரவலாக அழைக்கப்படும் இவை, வேலியிட்டுக் காக்கப்படும் காட்டுப்பகுதிகள் அல்ல. ஊர்களும் வயல்களும் பள்ளிகளும் விடுதிகளும் உள்ள, மக்கள் வாழும் நிலப்பரப்புகள் அவை. 2015 நவம்பரில் யுனெஸ்கோ இவற்றைத் தன் அறிவியல் திட்டங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டபோது, எரிமலை, நிலநடுக்கம், சுனாமி போன்ற புவியியல் இடர்களைப் பற்றி மக்களுக்கு விழிப்பு ஏற்படுத்துவதையும் இவற்றின் பணிகளில் ஒன்றாக வைத்தது. அங்கீகாரம் ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும். ஆகவே கண்ணுக்கினிய பாறைகளைக் காட்டுவதோடு நின்றுவிடும் புவிப்பூங்கா தன் வேலையைப் பாதியில் விட்ட புவிப்பூங்காதான். ஜப்பானின் அனுபவத்தை வைத்தே பெரும்பாலும் பேசப்போகிறேன். அங்கே புவிப்பூங்காக்கள் பலவும் பேரிடர் நடந்த நிலத்தின் மேலேயே அமைந்திருக்கின்றன; சரியாகச் செய்தவை, தவறவிட்டவை இரண்டுக்கும் அங்கே தெளிவான சான்றுகள் உண்டு.

ஹொக்கைடோ தீவிலுள்ள தோயா-உசு புவிப்பூங்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். 2009இல் ஜப்பானிலிருந்து முதன்முதலாக உலகப் புவிப்பூங்கா வலையமைப்பில் சேர்ந்த மூன்றில் இதுவும் ஒன்று. உசு எரிமலை 1663 முதல் திரும்பத் திரும்ப வெடித்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 1910, 1943 முதல் 1945 வரை, 1977–78, 2000 என்று நான்கு முறை. இருபது முப்பது ஆண்டு இடைவெளி என்பது ஒரு மனித ஆயுளுக்குள் இரண்டு மூன்று வெடிப்புகளைப் பார்க்க நேரும் இடைவெளி. இந்த மலைக்கு இன்னொரு குணமும் உண்டு: வெடிக்கும் முன் தரையை நடுங்கவைத்துச் சொல்லிவிட்டே வெடிக்கும். ‘உசு பொய் சொல்லாத மலை’ என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். 1910இல் நடுக்கங்கள் தொடங்கியபோது, முரோரான் நகரின் காவல்துறைத் தலைவர் வெடிப்புக்கு முன்பே ஏறத்தாழ 15,000 பேரை வெளியேற்றினார். நிலநடுக்க அறிஞர் ஓமோரி ஃபுசாகிச்சி முன்னொரு சமயம் ஆற்றிய உரையை அவர் கேட்டிருந்தார். எரிமலை வெடிக்கும் முன் நிலம் நடுங்கும் என்பது அதிலிருந்து அவர் மனத்தில் தங்கியிருந்தது. ஒரு காவல் அதிகாரி எப்போதோ கேட்ட ஓர் அறிவியல் உரை, பல ஆண்டுகள் கழித்து ஓர் ஊரையே காப்பாற்றியது. தகவல் பகிர்வு என்ற சொல்லைக் கேட்டால் நாம் கைப்பேசியையும் ஒலிபெருக்கியையும் நினைக்கிறோம். எனக்கோ அந்த உரைதான் முதலில் நினைவுக்கு வரும்.

அடுத்த வெடிப்பின்போது நேர்மாறான நிலை. 1943 இறுதியில் நடுக்கங்கள் தொடங்கின, 1944 ஜூனில் வெடிப்பு, அது போர்க்காலம். மக்கள் மனம் தளரக்கூடாது என்பதற்காகச் செய்தி வெளியே போகாமல் அடக்கப்பட்டது, அறிவியலாளர்களாலும் தொடர்ந்து அங்கே இருக்க முடியவில்லை. அந்த நேரத்தில் சோபெட்சு ஊரின் அஞ்சல் நிலையத் தலைவர் மிமாட்சு மசாவோ, அஞ்சல் நிலையத்தின் பின்புறத்தில் குறுக்கே கயிறுகளைக் கட்டி, ஒரே இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்து, கோதுமை வயலிலிருந்து ஒரு புதிய மலை நாளுக்கு நாள் எழும்புவதை வரைந்துகொண்டே வந்தார். அந்த வரைபடம் 1948இல் ஓஸ்லோவில் நடந்த உலக மாநாட்டில் வைக்கப்பட்டபோது, ஓர் எரிமலைக் குமிழ், அதாவது கெட்டியான தீக்குழம்பு மேலெழுந்து உண்டாகும் மேடு, வளர்வதன் முழுமையான பதிவாக அறிஞர்கள் அதைப் போற்றினர். வயலிலிருந்து எழுந்த அந்த மலைதான் ஷோவா-ஷின்சான். மிமாட்சு பிற்பாடு அந்த நிலத்தைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பாதுகாத்தார். கருவியும் பட்டமும் இல்லாத உள்ளூர்க்காரர் ஒருவர் அறிவியலுக்கே தகவல் கொடுத்த நிகழ்ச்சி இது. பேரிடர்த் தகவல் மேலிருந்து கீழே மட்டும் இறங்கிவருவது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு.

1977 ஆகஸ்டில் மலை மறுபடி வெடித்தபோது வெடிப்பால் யாரும் இறக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபரில் மழை பெய்து, மலைச்சரிவில் படிந்திருந்த சாம்பல் சேற்றுப் பெருக்காக விடுதிகள் நிறைந்த ஊருக்குள் பாய்ந்தபோது மூன்று உயிர்கள் போயின. வெடிப்பு முடிந்தவுடன் ஆபத்தும் முடிந்துவிட்டது என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது. எந்த இடத்துக்கு எந்த ஆபத்து வரக்கூடும் என்று காட்டும் இடர் வரைபடம் ஒன்றை வெளியிட வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பின் வலுத்தாலும், சுற்றுலாவை நம்பி வாழும் ஊர்கள் அதை நெடுங்காலம் விரும்பவில்லை. கடைசியில் 1995இல்தான் உசுவுக்கான இடர் வரைபடம் அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஒகாடா ஹிரோமு போன்ற அறிஞர்கள் ஊராட்சி அலுவலர்களோடும் பள்ளிகளோடும் செய்தியாளர்களோடும் இடைவிடாது பேசிவந்தார்கள்.

2000 மார்ச் 27 முதல் நடுக்கங்கள் பெருகின. 29ஆம் தேதி, சில நாட்களுக்குள் வெடிப்பு நேரக்கூடும் என்று, அங்கே எரிமலை எச்சரிக்கைகளையும் விடுக்கும் ஜப்பான் வானிலை முகமை அறிவித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். 31ஆம் தேதி பிற்பகல் ஒரு மணியைக் கடந்த சில நிமிடங்களில் மலையின் மேற்கு அடிவாரத்தில், வீடுகளுக்கு மிக அருகே, நிலம் பிளந்து வெடித்தது. அடுத்தடுத்து அறுபதுக்கும் மேற்பட்ட வாய்கள் திறந்தன. சாலை படிக்கட்டுபோல் உடைந்தது. சேற்றுப் பெருக்கு ஒரு பாலத்தையே பெயர்த்து அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் மோதியது. உயிரிழந்தவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்த ஒரு தாளும், முகம் தெரிந்த ஓர் அறிஞரும், பொய் சொல்லாத மலை என்ற பழஞ்சொல்லும் அந்த மூன்று நாட்களில் ஒன்றுசேர்ந்தன. இவற்றில் எதையும் மார்ச் 27ஆம் தேதி காலையில் புதிதாக உண்டாக்கியிருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

அந்த இடிபாடுகளை அகற்றிவிடாமல் அப்படியே விட்டு, அவற்றினூடே நடைபாதை அமைத்திருக்கிறார்கள். உடைந்த சாலையும், முதல் தளம்வரை சேறு புகுந்த குடியிருப்பும், அதன்மேல் மோதிய பாலமும் இன்றைய புவிப்பூங்காவின் முக்கியமான காட்சிப்பொருள்கள். இவற்றைச் சுற்றிக்காட்ட 2008 முதல் ‘எரிமலை மெய்ஸ்டர்’ (எரிமலை வல்லுநர்) என்ற பெயரில் உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியும் தேர்வும் வைத்து அங்கீகாரம் வழங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டின் அருமை அவர்கள் சொல்லும் பாடத்தில் மட்டும் இல்லை. பயணிகளுக்கு வழிகாட்டும் அதே மனிதர்கள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த வெடிப்பின்போது அண்டை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பப்போகிறவர்களும் அவர்களே. அறிஞர்கள் ஓய்வு பெறுவார்கள், அலுவலர்கள் இடம் மாறுவார்கள், ஊர்க்காரர் ஊரிலேயே இருப்பார். எந்தப் புவிப்பூங்காவும் தன் நிதியில் முதல் பங்கைப் பலகைகளுக்கு ஒதுக்காமல் இப்படிப்பட்ட மனிதர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தகவல் போய்ச் சேர்ந்தும் பயன்படாமல் போவது எப்படி என்பதை அறிய, கியூஷு தீவில் உள்ள உன்சென் மலைக்கு, இன்றைய ஷிமாபரா தீபகற்பப் புவிப்பூங்காவுக்கு வர வேண்டும். 1792இல் இங்கே மயூயாமா மலை சரிந்து கடலில் விழ, எழுந்த அலை எதிர்க்கரையிலிருந்த ஹிகோ (இன்றைய குமாமோட்டோ) பகுதியின் கரையோர ஊர்களையும் அழித்தது. இரு கரைகளிலுமாக ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டு அமைதி. 1990 நவம்பரில் மலை விழித்தது. 1991 மே மாதம் முதலில் வந்தது மழையோடு இறங்கிய சேற்றுப் பெருக்கு. ஊர்மக்கள் அதற்குத் தயாராகவே இருந்தனர். மாதப் பிற்பகுதியில் எரிமலைக் குமிழ் இடிந்து, எரிசாம்பலும் சூடான வாயுவும் பாறைத்துண்டுகளும் கலந்த மேகம் சரிவில் பாயத் தொடங்கியது. ஜப்பானிய மொழியில் அதற்குக் ‘காசாய்ரியூ’ என்று பெயர். சேற்றுப் பெருக்குக்கு ‘தோசெகிரியூ’. இரண்டும் ‘ரியூ’ என்று முடியும் சொற்கள், இரண்டும் பாய்வதைக் குறிப்பவை. முதலாவது பொதுமக்கள் கேட்டே இராத சொல். மக்கள் கலவரப்படக் கூடாது என்ற எண்ணத்தில், அறிவிப்பும் அதைச் ‘சிறிய அளவிலான காசாய்ரியூ’ என்று அடக்கமாகவே சொன்னது. தொலைவில் பார்த்தால் சாம்பல் நிறப் புகைபோல் தெரிவது, உள்ளே பல நூறு டிகிரி வெப்பத்தோடு வாகன வேகத்தில் வரும் மரணம் என்பது எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

வெளியேறும்படி அறிவுரை இருந்தபோதும், மலையை நேராகப் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் செய்தியாளர்கள் நாள்தோறும் கூடினார்கள். அந்த இடத்துக்கு ‘நிலைப்புள்ளி’ என்றே பெயர் வந்துவிட்டது. ஊரார் காலி செய்துபோன வீடுகளுக்குள் அவர்களில் சிலர் புகுந்து மின்சாரத்தைப் பயன்படுத்தியது தெரியவந்ததால், காவலுக்காக உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் திரும்பிச் சென்றிருந்தனர். ஜூன் 3 மாலை நான்கு மணியளவில் வந்த பாய்ச்சல் முந்தையவற்றைவிட நீண்டது. 43 பேர் இறந்தனர். எரிமலை ஆய்வாளர்களான மோரிஸ் கிராஃப்ட், காட்டியா கிராஃப்ட், ஹாரி கிளிக்கன் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர்; தீயணைப்புப் படையினர் மட்டும் 12 பேர்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலை அந்நியமாக இராது. சுனாமி என்ற ஜப்பானியச் சொல் நம் கரையில் பெரும்பாலோருக்கு 2004 டிசம்பர் 26க்குப் பிறகே தெரிந்தது. அன்று காலை கடல் உள்வாங்கிய இடங்களில் அதைப் பார்க்கப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்வது பெரும் தவறு. கண்ணெதிரே நடப்பதற்குப் பெயர் தெரியாதபோது மனிதர் நின்று பார்க்கத்தான் செய்வார். ஆகவே ஒரு புவிப்பூங்கா செய்யக்கூடிய மிக மலிவான, மிக வலுவான காரியம், தன் நிலத்தில் நேரக்கூடிய ஒவ்வொரு இடருக்குமான சொல்லை அது நேருமுன்பே ஊரின் நாவில் புழங்கவைப்பதுதான். சொல்லோடு ஒரு படமும், அது எவ்வளவு வேகமாக வரும் என்பதும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் சேர்ந்தே வர வேண்டும். உன்சென் பகுதியில் 1991 செப்டம்பரில் எரிந்துபோன ஓனோகோபா தொடக்கப்பள்ளியின் கட்டடம் அப்படியே நிற்கிறது. சேற்றுப் பெருக்கில் கூரைவரை புதைந்த வீடுகள் பதினொன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவரும் ஒரு பள்ளிப் பிள்ளை, ‘காசாய்ரியூ’ எரிக்கும், ‘தோசெகிரியூ’ புதைக்கும் என்ற வேறுபாட்டை வாழ்நாளில் மறக்காது. அங்கே எரிந்துகிடந்த வண்டிகளைத் தோண்டியெடுத்து, நிலைப்புள்ளியையும் முப்பது ஆண்டுகள் கழித்து 2021இல் நினைவிடமாக்கினார்கள்.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று ஒன்டாகே மலை. அது புவிப்பூங்கா அல்ல, ஆயினும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானில் 2007 இறுதி முதல் எரிமலைகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எச்சரிக்கை நிலைகள் வழங்கப்படுகின்றன. 2014 செப்டம்பர் 27 நண்பகலுக்குச் சற்று முன் ஒன்டாகே வெடித்து, உச்சியருகே இருந்த 63 பேர் இறந்தோ காணாமலோ போனபோது, அந்த மலை முதல் நிலையில்தான் இருந்தது. முதல் நிலைக்கான விளக்கச் சொல் அப்போது ‘வழக்கமான நிலை’ என்பது. அடுத்த ஆண்டு அதை ‘உயிருள்ள எரிமலை என்பதை மனத்தில் கொள்க’ என்று மாற்றினார்கள். எண்ணும் அளவீடும் மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. அரசு வெளியிடும் இந்த நிலைகளைப் புவிப்பூங்காக்கள் தங்கள் வாயிற்பலகைகளில் எடுத்து எழுதும்போது, நிலை ஒன்று என்றால் ஆபத்தே இல்லை என்ற பொருள் தொனிக்காமல் எழுத வேண்டும். பச்சை வண்ணம் பூசிய பலகை சொல்லாததையும் சொல்லிவிடும்.

சொல்லைப் போலவே இடப்பெயரும் முக்கியம். 2015 மே மாதம் ஹாக்கோனே எரிமலைக்கு இரண்டாம் நிலை எச்சரிக்கை வந்தபோது உண்மையில் மூடவேண்டியிருந்தது ஓவாகுடானி என்ற பள்ளத்தாக்கின் சுற்றுப்புறத்தை மட்டுமே. ஆனால் ‘ஹாக்கோனே எரிமலை’ என்று செய்தி பரவியதால் அந்தப் பெரிய மலைநாடு முழுவதற்கும் வருகிறவர்கள் பின்வாங்கினார்கள். ஓவாகுடானி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று மாநில நிர்வாகம் ஊடகங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இத்தகைய நேரத்தில் புவிப்பூங்கா அலுவலகத்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. எந்தப் பாதை மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது, மூடிய இடத்திலிருந்து பேருந்து நிலையம் எத்தனை கிலோமீட்டர், இந்தத் தகவல் எந்த நாள் எத்தனை மணிக்கு யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டி, மாற மாறப் புதுப்பிக்க வேண்டும். மூடுவதை அறிவிக்கும் அதே அக்கறை மீண்டும் திறப்பதை அறிவிப்பதிலும் வேண்டும். பழைய எச்சரிக்கை ஒன்று நீக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தால், அடுத்த புதிய எச்சரிக்கையையும் யாரும் மதிக்க மாட்டார்கள். பயணிகள் அஞ்சி விலகிவிடுவார்களே என்ற உங்கள் கேள்விக்கான விடையும் இதில் அடங்கியிருக்கிறது. துல்லியமான தகவலால் ஓர் ஊர் இழப்பதைவிட மங்கலான தகவலால் இழப்பதே அதிகம். தோயா ஏரிக்கரை வெந்நீர் ஊற்றுகளே 1910 வெடிப்புக்குப் பின் கண்டறியப்பட்டவைதான். அங்கே வருகிறவரிடம் எரிமலையை மறைத்துவைத்துப் பேசுவது எப்படிச் சாத்தியம்?

மறக்காமல் இருப்பதற்கான இடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சான்ரிகு புவிப்பூங்கா ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஹாச்சினோஹே முதல் கெசென்னுமா வரை நீள்வது. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின், 2013இல் தேசிய அளவில் அங்கீகாரம் பெற்றது. அந்தக் கரையில் அனேயோஷி என்ற சிற்றூரில் ஒரு கல் நிற்கிறது. இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 1896இலும் 1933இலும் வந்த அலைகளில் அந்த ஊர் முழுதும் அழிந்து, முதல்முறை இரண்டு பேரும் அடுத்தமுறை நான்கு பேரும்தான் எஞ்சினார்கள் என்ற செய்தியும் அதே கல்லில் இருக்கிறது. 2011இல் அலை அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே கட்டிய வீடுகள் தப்பின. காரணம், எண், கட்டளை மூன்றும் சேர்ந்த ஒரே கல், நிற்க வேண்டிய உயரத்திலேயே நிற்கிறது. இதைவிடச் சிறந்த தகவல் பலகையை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. அதே கரையில் நெடுஞ்சாலையோரம், முந்தைய சுனாமி எட்டிய பகுதி இங்கிருந்து தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று வண்டியோட்டுபவருக்குக் காட்டும் பலகைகளும் உண்டு.

அங்கிருந்து தொலைவில் இல்லாத தாரோ என்ற ஊரில் நிலைமை வேறாக இருந்தது. பத்து மீட்டர் உயரமும் மொத்தம் 2.4 கிலோமீட்டர் நீளமும் கொண்ட கடற்சுவர் அந்த ஊரின் பெருமை. 2011இல் அலை அதைத் தாண்டி வந்தது, ஏறத்தாழ 180 பேர் இறந்தனர். கடற்சுவர் அலையைத் தடுப்பதோடு, சிலரது கண்ணிலிருந்து கடலையும் மறைத்துவிட்டது. அலை நான்காம் தளம்வரை ஏறிய ஒரு தங்கும் விடுதி, கீழ்த்தளங்களில் இரும்புத் தூண்கள் மட்டும் எஞ்சிய நிலையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதன் ஆறாம் தளத்திலிருந்து விடுதியின் உரிமையாளர் அன்று எடுத்த காணொளியை, வழிகாட்டியோடு வருகிறவர்களுக்கு அதே அறையில் வைத்துக் காட்டுகிறார்கள். காணொளியில் அலை வந்த அதே சன்னல் பார்ப்பவரின் எதிரே திறந்திருக்கிறது. எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதே அந்தத் தகவலின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

ஆனால் எல்லா இடிபாடும் இப்படி நிலைநிறுத்தப்பட வேண்டியதில்லை. ஓட்சுச்சி ஊரில் ஊர்த்தலைவரும் அலுவலர்கள் பலரும் மாண்ட பழைய ஊராட்சிக் கட்டடத்தை வைத்திருப்பதா இடிப்பதா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்து, 2019இல் அது இடிக்கப்பட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது என்று சொன்னவர்களும், பார்க்காவிட்டால் மறந்துவிடுவோம் என்று சொன்னவர்களும் அதே ஊரார்தான். ஒரு புவிப்பூங்கா இந்த முடிவைத் தானாக எடுக்கக் கூடாது. உயிரிழந்தவரின் பெயரையும் குடும்பத்தாரின் துயரத்தையும் காட்சிப்பொருளாக்காமல், அவர்கள் சொல்ல விரும்பியதை மட்டும், அவர்கள் விரும்பிய அளவுக்குச் சொல்வதே முறை.

இசு ஓஷிமா தீவு கற்பித்த பாடத்தை இத்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். 1986 நவம்பரில் அங்கே எரிமலை வெடித்தபோது தீவுமக்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேரும் ஒரே இரவில் கப்பல்களில் வெளியேற்றப்பட்டனர். தீவின் நினைவெல்லாம் எரிமலை; 2010இல் அது தேசியப் புவிப்பூங்காவானபோதும் எரிமலையே அதன் முகம். 2013 அக்டோபர் 16 அதிகாலையில் புயலோடு வந்த மழை ஒரே நாளில் 800 மில்லிமீட்டரைத் தாண்டியது. பதினான்காம் நூற்றாண்டுத் தீக்குழம்பு உறைந்த சரிவின்மேல் படிந்திருந்த சாம்பல் மண் வழுக்கி, மோதோமாச்சி ஊரின்மேல் இறங்கியது. இறந்தவரும் காணாமற்போனவருமாக 39 பேர். மக்களை வெளியேற்றும் ஆணை எதுவும் அந்த இரவில் பிறப்பிக்கப்படவில்லை. அந்தச் சரிவை உண்டாக்கியது எரிமலைதான், அதை இறக்கியது மழை. இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லியிருக்க வேண்டிய இடம் புவிப்பூங்காவே. மண் எதனால் ஆனது, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, நீர் பட்டால் என்னாகும் என்பது அதன் பாடத்தின் மையமல்லவா? ஒரு புவிப்பூங்கா தன்னிடம் இருக்கும் இடர்களில் எது கம்பீரமானதோ அதையே பேசும். ஊரை அடிக்கடி தாக்குவதோ பெரும்பாலும் மழையும் சரிவும்தான். கம்பீரமில்லாத இடருக்கும் வழிகாட்டியின் பேச்சில் சம இடம் கொடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களின் நிலை தனியானது. அவர்களுக்கு ஊரின் பழஞ்சொல் தெரியாது, மொழியும் பல நேரம் தெரியாது. எரிமலை வெடிக்கிறது என்ற செய்தியைக் கேட்டே வருகிறவர்களும் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யானெஸ் புவிப்பூங்காவில் 2021 மார்ச்சில் ஃபாக்ரடால்ஸ்ஃபியாட்ல் வெடித்தபோது லட்சக்கணக்கானோர் தீக்குழம்பைப் பார்க்க நடந்து சென்றார்கள். அவர்களைத் தடுப்பதைவிடப் பாதை குறித்து, வாயு தேங்கும் பள்ளங்களைச் சொல்லி, மீட்புத் தன்னார்வலர்களை நிறுத்தி வழிப்படுத்துவதே நடைமுறையாயிற்று. கியூஷுவின் ஆசோ புவிப்பூங்காவில், மலை அமைதியாக இருக்கும் நாட்களில் நாக்காடாகே எரிமலை வாயின் விளிம்புவரை மக்கள் போகலாம். ஆனால் கந்தக வாயு அளவு கூடினால் உடனே அவர்களை வெளியேற்றுவார்கள், மூச்சுத்திணறல் நோய் உள்ளவர்கள் போகக்கூடாது என்று முதலிலேயே பல மொழிகளில் சொல்லிவிடுவார்கள். இந்தோனேசியாவின் ரின்ஜானி மலை யுனெஸ்கோ புவிப்பூங்காவான 2018ஆம் ஆண்டிலேயே, அங்கே ஜூலை இறுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மலையேறிகள் சிக்கிக்கொண்டனர். மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பதிவேடு அத்தகைய நேரத்தில் எவ்வளவு விலைமதிப்பற்றது! தகவல் பகிர்வு என்பது புவிப்பூங்காவிலிருந்து பயணிக்கு மட்டும் போவதல்ல, பயணியிடமிருந்து புவிப்பூங்காவுக்கும் வர வேண்டியது என்பதற்கு அந்தப் பதிவேடே சான்று.

நடைமுறையில் எங்கிருந்து தொடங்குவது என்றால், செயலிகளிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். பெரிய பேரிடரில் முதலில் செயலிழப்பது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும்தான். அச்சிட்ட வரைபடம், வழிகாட்டியின் கையில் ஒரு வானொலி, மேடான இடத்துக்குப் போகும் பாதையைக் காட்டும் அம்புக்குறி ஆகியவை முதலில் இருக்கட்டும். பாறையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு பலகையிலும், அந்தப் பாறை எப்படி உண்டாயிற்று என்பதற்கு அடுத்த வரியாக, அதே நிகழ்ச்சி இப்போது நேர்ந்தால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எங்கே போக வேண்டும் என்பதை எழுதலாம். அதற்குத் தனிச்செலவு எதுவும் இல்லை. வழிகாட்டிகள் சுற்றுலாவைத் தொடங்கும்போது முதல் இரண்டு நிமிடங்களை இதற்கு ஒதுக்கலாம். வானிலைத் துறையோடும் ஊராட்சியோடும் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தோடும் யார் யாரிடம் பேசுவது என்பதை அமைதியான காலத்திலேயே எழுதி ஒப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி வந்தபின் சொந்தக் கணிப்பு எதையும் வெளியிடாமல், அதிகாரபூர்வமான அறிவிப்பை உள்ளூர்ப் பெயர்களோடு, கிடைத்த நேரத்தையும் குறிப்பிட்டு எடுத்துச் சொல்வது மட்டுமே புவிப்பூங்காவின் வேலை. நெருக்கடி ஓய்ந்த பின் அலை எட்டிய உயரத்தையும், சேறு நின்ற கோட்டையும், முதலில் யார் என்ன பார்த்தார் என்பதையும் மழை கழுவிப்போகுமுன் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பை எடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. சோபெட்சு அஞ்சல் நிலையத்தின் பின்புறத்தில் கட்டிய கயிறுகள் போதுமானவையாக இருந்தன.